பாவ்லா

என் பையன் ஆடும் பேஸ்பால் அணி போன மாதம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அந்த ரன் போனது என்னால். நான் மட்டையைத் தொடவில்லை, பந்தைத் தொடவில்லை. வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் அணிக்கு ஸ்கோர் புத்தகம் எழுதுகிற என் மனைவி, அந்த ரன்னை என் கணக்கில்தான் வைத்திருக்கிறாள்.

நியூஜெர்சிக்கு வந்து பதினாறு வருடமாகியும் எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் ஒன்றுதான். அதுவும் திருச்சியில் எங்கள் தெருவில் ஆடிய கிரிக்கெட். நான் ஆஃப் ஸ்பின்னர் என்று சொல்லிக்கொள்வேன். பந்து திரும்பியதாக இன்றுவரை யாரும் சாட்சி சொன்னதில்லை. ஆனால் ஒரு வித்தையில் எனக்குப் பெயர் உண்டு. ஓடிவந்து, கையைச் சுழற்றி, பந்தை விடாமல் சட்டென்று நின்று, எதிர்முனையில் கோட்டைத் தாண்டி நழுவுகிறவனைத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். பதறிப்போய்த் திரும்பி ஓடிவருவான். அவுட் மட்டும் ஆக்க மாட்டேன். மட்டை அவனுடையது, அவுட் ஆக்கினால் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பாவ்லா காட்டுவதோடு சரி.

தகப்பன் சொத்தாக இந்த ஒரு வித்தையாவது பையனுக்குப் போகட்டும் என்று நினைத்ததுதான் தப்பு.

பையனுக்குப் பன்னிரண்டு வயது. இடக்கைக்காரன். பிட்சர், அதாவது பந்து வீசுகிறவன். போன வருடம்வரை சின்ன மைதானத்தில் ஆடினான். பேஸுக்கும் பேஸுக்கும் அறுபது அடி. அந்த வயதுக்கு லிட்டில் லீக் வைத்திருக்கும் விதி கறாரானது: வீசிய பந்து பேட்டரை எட்டும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரக் கூடாது. பள்ளிக்கூட வரிசை மாதிரி ஒழுங்காக நிற்பான்கள். இந்த வருடம் '50/70' என்கிற அடுத்த மைதானத்துக்குப் போனான். வீசுவதற்கு ஐம்பது அடி, பேஸுக்குப் பேஸ் எழுபது அடி. இங்கே ரன்னர் இஷ்டம்போல நகரலாம். கல்யாணப் பந்தியில் மோர் சாதத்துக்கு வந்துவிட்ட ஆளின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே நிற்பு. முதல் பேஸிலிருந்து எட்டடி பத்தடி தள்ளி, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டாவது பேஸ் மேல் கண்ணாக நிற்பான். பிட்சர் அசந்தால் ஓட்டம். அதற்குப் பெயரே 'திருட்டு'. திருடலாம், தப்பில்லை, கணக்குப் புத்தகத்தில் பெருமையாக ஏற்றுவார்கள்.

திருடனை அடக்க பிட்சருக்கும் ஒரு வழி இருக்கிறது. பேட்டருக்கு வீசாமல் திடீரென்று முதல் பேஸுக்கு எறியலாம். அங்கே நிற்கிற நம் ஆள் பந்தை வாங்கி, ரன்னர் திரும்புவதற்குள் தொட்டுவிட்டால் அவுட்.

இதைக் கேட்டதும் என் தெருவே கண்முன் வந்துவிட்டது. "எறியவே வேண்டாம்டா. எறியற மாதிரி பண்ணு, போதும்" என்றேன். இரண்டு சனிக்கிழமை, கராஜ் முன்னால் பயிற்சி. காலியான சோனா மசூரி அரிசிப் பைதான் முதல் பேஸ். நான்தான் ரன்னர். பையன் வலது காலைத் தூக்கி அரிசிப் பை பக்கம் வைத்து, கையை வீசுவான். பந்து கையிலேயே இருக்கும். நான் பாய்ந்து பையின் மேல் விழுவேன். எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் அம்மா கை கொடுக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது.

போட்டி நாளில் கடைசி இன்னிங்ஸ். ஆட்டம் சமம். எதிரணி ஆடுகிறது. முதல் பேஸில் ஒருவன், மூன்றாவது பேஸில் ஒருவன். முதல் பேஸ்காரன் பந்திக்கு நிற்கிற நிற்பு நிற்கிறான். பையன் என்னை ஒரு தரம் பார்த்தான். நான் கண்ணை மூடித் திறந்தேன். அவ்வளவுதான், வலது கால் போனது, கை வீசியது, பந்து கையிலேயே நின்றது. ரன்னர் பாய்ந்து மண்ணில் மார்படித்து விழுந்தான். சொல்லிக்கொடுத்தது அச்சு அசலாக வந்திருந்தது. நான் எழுந்து கைதட்டினேன்.

தட்டியது நான் மட்டும்தான் என்பது மூன்றாவது தட்டலில்தான் உறைத்தது. அம்பயர் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு ஏதோ கத்தினார். 'பேக்' என்று என் காதில் விழுந்தது. சரி, ரன்னரைப் பின்னால் போகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவனோ நிதானமாக இரண்டாவது பேஸுக்கு நடந்தான். மூன்றாவது பேஸில் இருந்தவன் ஹோமுக்கு நடந்துவந்தான். ஓடக்கூட இல்லை. அதுவே ஒரு ரன், ஆட்டம் முடிந்துவிட்டது. பந்து அப்போதும் என் பையன் கையிலேயே இருந்தது.

பக்கத்து நாற்காலிக்காரர் நல்ல மனிதர். அது பேக் இல்லை, பாக் என்று விளக்கினார். எழுத்தில் நடுவே ஒரு 'எல்' உண்டாம், வாயில் வராதாம். எனக்கு வெற்றிலைதான் ஞாபகம் வந்தது.

காரில் கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை. பிறகு பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "நீங்கதானேப்பா சொல்லிக்கொடுத்தீங்க."

மனைவி சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "விதி ஆறு, புள்ளி பூஜ்யம் ரெண்டு." அவள் கணக்குத் தணிக்கை வேலையில் இருப்பவள். ஸ்கோர் புத்தகம் எழுத ஒப்புக்கொண்ட அன்றே விதிப்புத்தகத்தை அடிக்குறிப்புவரை படித்துவிட்டாள். "தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்க என்ன சொல்லிக்கொடுக்கறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? அரிசிப் பை மேல விழுந்து விழுந்து எழுந்துக்கறீங்க. உடம்பு இளைக்கத்தான்னு நினைச்சேன்."

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானும் படித்தேன். பிட்சர் என்னென்ன செய்தால் பாக் என்று பதின்மூன்று உட்பிரிவுகள். சீட்டுக் கம்பெனி ஒப்பந்தத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் இதைப் படித்தேன்.

எல்லாம் ஒரு ரப்பர் பலகையில் இருக்கிறது. இருபத்து நான்கு அங்குல நீளம், ஆறு அங்குல அகலம். பிட்சரின் கால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை அவன் சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் மாதிரி. செய்வதெல்லாம் சத்தியமாக இருக்க வேண்டும். முதல் பேஸுக்கு எறிவதென்றால் காலை நேராக அந்தப் பக்கம் எடுத்துவைக்க வேண்டும். வைத்துவிட்டால் எறிந்தே தீர வேண்டும். வீச ஆரம்பித்துவிட்டால் வீசியாக வேண்டும். வீசுவதற்கு முன் இரண்டு கையையும் உடம்போடு சேர்த்து, முழுதாக ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். பந்து கை நழுவி விழுந்தால் பாக். பந்தே இல்லாமல் பலகைமேல் போய் நின்று பாசாங்கு செய்தாலும் பாக். தண்டனை, பேஸில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு பேஸ் இலவசமாக முன்னேறுவார்கள்.

அதே பிட்சர் ஊன்றிய காலைப் பலகைக்குப் பின்பக்கம் எடுத்து வைத்துவிட்டால் கூண்டிலிருந்து இறங்கிய மாதிரி. மற்ற ஆட்டக்காரர்களைப் போல அவனும் ஒருவன். பத்து தரம் பாவ்லா காட்டலாம், கேட்பாரில்லை. நான் சொல்லிக்கொடுத்த வித்தையில் விட்டுப்போனது அந்த ஒரு அடிதான். பின்பக்கம் ஆறு அங்குலம். எங்கள் தெருவில் பலகை இல்லை, நான் என்ன செய்ய?

இதிலும் பேஸுக்குப் பேஸ் நியாயம் வேறு. பலகைமேல் இருந்துகொண்டே இரண்டாவது பேஸ் பக்கம் பாவ்லா காட்டலாம், அது இன்றும் செல்லும். மூன்றாவது பேஸ் பக்கமும் செல்லும் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. மூன்றாவது பேஸுக்கு எறிவதுபோல் காட்டி, சுழன்று முதல் பேஸ்காரனைப் பிடிக்கப் பார்ப்பார்கள். 2013-இல் பெரிய லீக்கில் அதற்கும் தடை வந்தது. முதல் பேஸ் பக்கமும் கூடாது. 1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிவைத்த இருபது விதிகளிலேயே பாக் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா பிறப்பதற்கு முன்பே என் வித்தைக்குத் தடை போட்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் காரணம் என்ன? விதிப்புத்தகமே சொல்கிறது: ரன்னரைப் பிட்சர் வேண்டுமென்றே ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இந்த விதி, சந்தேகம் வந்தால் அம்பயர் பிட்சரின் எண்ணத்தைப் பார்க்க வேண்டும். இதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "திருடப் போறவன் அவன். பிடிக்கப் போறவன் நம்ம பிள்ளை. இவனைப் போய் ஏமாத்தறான்னு சொல்றாங்களா? ரிப்போர்ட்டையே மாத்தி எழுதறாங்களேடா!"

என்னிடம் பதில் இல்லை. ரிக்கி ஹெண்டர்சன் என்று ஒருவர் 1982-இல் ஒரே பருவத்தில் 130 பேஸ் திருடினார், மொத்தம் 1,406, அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். "நம்ம ஊர்ல இத்தனை பண்ணினவன் படத்தை ஸ்டேஷன்லதான் மாட்டுவாங்க" என்றார். நம் ஊர் மட்டும் ரொம்ப யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. 1947-இல் சிட்னியில் வினு மன்கட், கோட்டைத் தாண்டிய பில் பிரவுனை எதிர்முனையில் அவுட் ஆக்கினார். நழுவினவர் பிரவுன், கெட்ட பெயர் மன்கட்டுக்கு. 2019 ஐ.பி.எல்.லில் ஜெய்ப்பூரில் பட்லரை அப்படி அவுட் ஆக்கியதற்கு நம் அஷ்வினை உலகமே பிடித்து உலுக்கியது. 2022-இல்தான் எம்.சி.சி. அதை 'நேர்மையற்ற ஆட்டம்' என்ற தலைப்பிலிருந்து எடுத்து ரன் அவுட் பிரிவில் சேர்த்தது. அம்மா அன்றும் இன்றும் அஷ்வின் கட்சி.

அம்மாவைச் சமாதானப்படுத்தியது வேறொரு சங்கதி. பையன் இரண்டு வயதில் இடது கையால் ஸ்பூனை எடுத்தபோதெல்லாம் "பீச்சாங்கையில சாப்பிடாதேடா" என்று பிடுங்கி வலது கையில் வைத்தவர் அவர்தான். இந்த ஆட்டத்தில் முதல் பேஸ் ரன்னரை அடக்க இடது கைக்குத்தான் மவுசு. வலக்கைப் பிட்சர் நிற்கும்போது முகம் மூன்றாவது பேஸைப் பார்த்திருக்கும். முதல் பேஸ்காரன் அவன் முதுகுக்குப் பின்னால். இடக்கைக்காரனுக்கோ ரன்னர் கண்ணெதிரே. வலது காலைத் தூக்கினால் அது பேட்டருக்கா முதல் பேஸுக்கா என்று கால் இறங்கும்வரை தெரியாது. ஹோமுக்கும் முதல் பேஸுக்கும் நடுவே நாற்பத்தைந்து பாகையில் அம்பயர்கள் மனசுக்குள்ளேயே ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். கால் அந்தக் கோட்டுக்கு முதல் பேஸ் பக்கம் விழுந்தால் தப்பித்தான், ஹோம் பக்கம் விழுந்தால் பாக். நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடிய இடக்கைக்காரர் ஆண்டி பெட்டிட் இந்தக் கோட்டின் மேலேயே குடித்தனம் நடத்தி, ஏகப்பட்ட ரன்னர்களைக் கவிழ்த்தவர். எதிரணிக்காரர்கள் பாக், பாக் என்று கத்திக்கொண்டேயிருப்பார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "அவன் கை ராசியான கைன்னு நான் அப்பவே சொன்னேனே" என்றார். அப்படி அவர் சொன்னதே இல்லை.

பையனைத் தேற்ற, பெரிய மனிதர்களின் பாக்குகளைத் தேடிப் பிடித்தேன். 329 ஆட்டங்களை வென்ற ஸ்டீவ் கார்ல்டன் பெயரில் 90 பாக் இருக்கிறது, சாதனையே அதுதான். அவரும் இடது கை. 1961-இல் சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் ஆல் ஸ்டார் ஆட்டம். அந்த மைதானத்தின் காற்று ஊரறிந்தது. ஸ்டூ மில்லர் வீசுவதற்காக அசையாமல் நின்றபோது ஒரு காற்றடித்து ஆளை லேசாக அசைத்துவிட்டது. பாக்! காற்றுக்கு விதியில் விலக்கு இல்லை. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்தே காற்று அவரைத் தூக்கிப்போட்டதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆட்டத்தை ஜெயித்த பிட்சர் அவர்தான் என்பதை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு.

1988 இன்னும் கோலாகலம். 'முழுதாக நிற்க வேண்டும்' என்றிருந்ததை, 'கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முழுதாக நிற்க வேண்டும்' என்று அந்த வருடம் திருத்தினார்கள். அம்பயர்களுக்குக் கண் திறந்துவிட்டது. ஒரே பருவத்தில் 900-க்கும் மேல் பாக். ஓக்லண்டின் டேவ் ஸ்டீவர்ட் ஒருவரே 16. அடுத்த வருடம் அந்தத் திருத்தத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். ஒரு பெயரடையைச் சேர்த்தால் ஒரு நாடே எப்படித் தடுமாறும் என்பது அரசாங்கச் சுற்றறிக்கை படித்தவர்களுக்குப் புரியும்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ரிச்சர்ட் பிளையர். மயாமி அணியின் இடக்கைப் பிட்சர். அதுவரை பெரிய லீக்கில் ஒரு பாக்கும் இல்லாத சமர்த்து. 2022 செப்டம்பர் 27, நியூயார்க்கில், ஒரே பேட்டர் நின்றுகொண்டிருக்கும்போதே மூன்று பாக். முழுதாக நிற்கவில்லையாம். முதல் பேஸில் இருந்தவர் திருடாமல், யாரும் அடிக்காமல், மூன்று தவணையில் ஹோமுக்கு வந்துசேர்ந்தார். வாழ்நாள் பாக்கி மொத்தத்தையும் ஒரே ராத்திரியில் கட்டினார் மனுஷன்.

பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க யாருக்கும் அவங்க அப்பா சொல்லித்தரலையே" என்றான்.

இதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். விதி வீட்டுக்குள் வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் சாய்வது என் வழக்கம். மனைவி சமையலறையில் பாத்திரத்தை உருட்டும் சத்தம் ஒரு அளவைத் தாண்டும்போது, இரண்டு கையையும் சோபாவில் ஊன்றி, உடம்பை நாலு அங்குலம் தூக்கி, "இதோ வர்றேன்" என்பேன். "இருங்க, முடிஞ்சிடுச்சு" என்று பதில் வரும். நான் இறங்கிவிடுவேன். பதினெட்டு வருடமாக இந்த நாலு அங்குலத்தில்தான் என் குடும்ப வாழ்க்கை ஓடியது. அந்த வாரம் புதன்கிழமை நான் எழும்பி இறங்கியபோது பையன் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு எழுந்தான். "பாக்!"

மனைவி ஈரக் கையோடு வந்து பார்த்தாள். எண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்கிறதே என்று வாதாடினேன். "பதினெட்டு வருஷமா பாத்துட்டேன்" என்றாள். தண்டனை விதிப்படியே. நிலுவையில் இருக்கிற வேலைகள் எல்லாம் ஒரு பேஸ் முன்னால் வந்துவிட்டன: பாத்திரத்தோடு அடுப்புத் துடைப்பது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருந்த கூரைக் கால்வாய் இலை இந்தச் சனிக்கிழமை, சனிக்கிழமைக்கு வைத்திருந்த துணி மடிப்பு அன்று ராத்திரியே.

நானும் சும்மா இருக்கவில்லை. கென்லி ஜான்சன் கதையை எடுத்துவிட்டேன். 2019 ஜூன், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ், சிகாகோ கப்ஸ். கடைசி இன்னிங்ஸ், இரண்டு ரன் முன்னிலை, எடுக்க வேண்டியது ஒரு அவுட். இரண்டாவது பேஸில் நின்ற ரன்னர் கேட்சரின் சைகையைப் படித்து பேட்டருக்குச் சொல்லிவிடுவாரோ என்று, ஜான்சன் வேண்டுமென்றே பலகைமேல் காலை ஆட்டிப் பாக் செய்து, ரன்னரை மூன்றாவது பேஸுக்கு அனுப்பிவைத்தார். ஆக பாக் என்பதும் ஒரு ராஜதந்திரம்தான் என்று முடித்தேன்.

"அவர் அதுக்கப்புறம் அந்தக் கடைசி அவுட்டை எடுத்தாரு" என்றாள் மனைவி. "நீங்க எதை எடுத்தீங்க?"

2023-இல் பெரிய லீக்கில் வந்த புதிய விதியை எனக்குச் சொன்னதும் அவள்தான். ஒரு பேட்டர் நிற்கும் நேரத்தில் பிட்சர் இரண்டு முறை பலகையை விட்டு இறங்கலாம், அல்லது பேஸுக்கு எறியலாம். மூன்றாவது முறையும் அப்படிச் செய்தால் ரன்னரை அவுட் ஆக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் பாக். பேஸையும் பதினைந்து அங்குலத்திலிருந்து பதினெட்டாகப் பெரிதாக்கினார்கள். முந்தைய வருடம் 2,486 ஆக இருந்த திருட்டு அந்த வருடம் 3,503. எங்கள் வீட்டிலும் அமல்: ஒரு வேலைக்கு "இதோ வர்றேன்" இரண்டு தரம்தான். மூன்றாவது தரம் சொன்னால் வேலை முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த போட்டியில் பையன் முதல் பேஸுக்கு நிஜமாகவே எறிந்தான். கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் சுத்தமாக விழுந்தது. ரன்னர் பாதி வழியில் திரும்பிப் பார்த்தபடியே அவுட். இந்தத் தடவை எல்லோரும் தட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தட்டினேன். பயிற்சி கொடுத்தது அணியின் கோச். அரிசிப் பை கராஜில் சும்மாதான் கிடக்கிறது.

எங்கள் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை விடியற்காலை குப்பை வண்டி வரும். திங்கள் இரவே எடுத்துப்போய்த் தெருவோரத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். போன திங்கள் யாரும் சொல்லாமல் நானே எழுந்தேன். முழுதாக எழுந்தேன். செருப்பை மாட்டி, வாசல் கதவைத் திறந்து, மிதியடி மேல் நின்றேன். வெளியே நல்ல குளிர். ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டேன்.

"பாக்!" உள்ளே மூன்று குரல். ஒன்று அம்மாவுடையது.

எனக்கும் விதி தெரியும். திரும்பாமலே சொன்னேன்: "கிளம்பறதுக்கு முன்னாடி முழுசா ஒரு கணம் நிக்கணும். அதான் விதி."

"நின்னது சரிதாங்க" என்றாள் மனைவி. "பந்து எங்கே?"

குப்பைப் பை சமையலறையிலேயே இருந்தது.